பூட்டிய பொலிஸ் வானொலியும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் பிளாக் வி4 ரிசீவரும்: மலையகத்திலிருந்து ஒரு மதிப்பீடு

பென் டிரைவ் அளவே உள்ள, கணினியில் செருகி வானொலி அலைகளைக் கேட்கும் இந்த ரிசீவரை யாரிடம் காட்டினாலும் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, இதில பொலிஸ் பேசுறது கேக்குமா?" அமெரிக்கக் கிராமம் ஒன்றில் ஷெரிப் அலுவலகத்தின் உரையாடலை வீட்டுக்குள் இருந்தபடியே கேட்டுக்காட்டும் காணொளிகள் யூடியூபில் குவிந்திருப்பதால், இக்கேள்வி இயல்பாகவே எழுகிறது. அந்தக் காணொளிகள் பலவற்றில் காட்டப்படும் அலைவரிசைகள் இன்று மறைகுறியாக்கம் செய்யப்பட்டு, அதாவது உரியவரைத் தவிர எவருக்கும் புரியாதபடி பூட்டப்பட்டுவிட்டன என்பதையும், எஞ்சியவையும் ஒவ்வொன்றாக அவ்வழியே செல்கின்றன என்பதையும் அவற்றைப் பார்த்துவிட்டுப் பணம் அனுப்பும் நம்மவர்கள் அறிந்திருப்பதில்லை. ஆகவே, பொலிஸ் வானொலி என்னும் கேள்விக்கு முதலில் விடை கூறிவிட்டு, அந்தப் பயன் நீங்கிய பின்னும் இதை வாங்கலாமா என்பதை மலைநாட்டு நிலைமையில் வைத்துப் பார்ப்பதே இம்மதிப்பீட்டின் நோக்கம்.

ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்பது தனியொரு கண்டுபிடிப்பு அன்று. ஐரோப்பிய முறை டிஜிட்டல் தொலைக்காட்சியைக் கணினியில் பார்ப்பதற்காக விற்கப்பட்ட மலிவான யூஎஸ்பி குச்சிகளில் இருந்த ஆர்டிஎல்2832யூ என்னும் சில்லு, தான் வாங்கும் அலையைப் பதப்படுத்தாமல் அப்படியே கணினிக்கு அனுப்பவும் வல்லது என்பது 2012ஆம் ஆண்டளவில் தெரியவந்தது. அதன் பின்னர் அலையைப் பிரித்தெடுக்கும் வேலை முழுவதையும் மென்பொருளே செய்யத் தொடங்கியது. 2023இல் வெளிவந்த வி4 அவ்வரிசையில் மேம்பட்ட ஒன்று. ஆர்828டி என்னும் டியூனர், மீடிறன் (அதிர்வெண்) வழுவாதிருக்க வெப்பநிலைக்கேற்பத் திருத்திக்கொள்ளும் அலையியற்றி, சிற்றலையையும் மத்திய அலையையும் கேட்பதற்கான உள்ளமைந்த மேல்மாற்றி (தாழ்ந்த மீடிறனை உயர்த்தித் தரும் சுற்று) ஆகியவை இதில் உள்ளன. ஏறத்தாழ 500 கிலோஹேட்ஸ் முதல் 1700 மெகாஹேட்ஸுக்குச் சற்று மேல் வரை கேட்கும். ஒரே நேரத்தில் ஏறத்தாழ 2.4 மெகாஹேட்ஸ் அகலமான பகுதியைத் திரையில் விரித்துக் காட்டும். இது அலைகளை வாங்கும் கருவி மட்டுமே, அனுப்பாது.

சட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்வது முறையன்று. அமெரிக்காவில் மறைகுறியாக்கம் செய்யப்படாத பொலிஸ் வானொலியைக் கேட்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை. பிரித்தானியாவில் அவ்வாறன்று, பொதுமக்களுக்கென அனுப்பப்படாத செய்தியை அனுமதியின்றிக் கேட்பதே அங்கே குற்றம். நமது 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டமும் பொதுமக்கள் கேட்பதற்கு உரியதல்லாத தொடர்பாடலை இடைமறிப்பதைக் குற்றமாகவே கொள்கிறது. எனவே இலங்கைப் பொலிஸின் அலைவரிசைகளைப் பற்றி இங்கே ஒரு சொல்லும் இல்லை. அவற்றைத் தேடிப்பார்ப்பது இச்சோதனையின் பகுதியாகவும் இருக்கவில்லை. அமெரிக்கச் சட்டத்தின் கீழ் எடுக்கப்பட்ட காணொளியைப் பார்த்துவிட்டு அதே வேலையைப் பண்டாரவளையில் செய்ய முனைவோர் இந்த வேறுபாட்டை முதலில் மனதிற்கொள்ள வேண்டும்.

வெளிநாடுகளில் நடந்துவரும் மாற்றத்தில் நம் கவனத்துக்குரியது அதன் வரிசை. நகரங்கள் முதலில் பூட்டப்படுகின்றன, கிராமங்கள் பின்தங்குகின்றன. நியூசிலாந்தில் ஓக்லந்து, வெலிங்டன், கிறைஸ்ட்சேர்ச் ஆகிய பெருநகரங்களின் பொலிஸ் வானொலி முன்னரே மறைகுறியாக்கப்பட்ட டிஜிட்டலுக்கு மாறிவிட, கிராமப்புற மாவட்டங்கள் பல ஆண்டுகள் திறந்த அனலொக்கிலேயே பேசிக்கொண்டிருந்தன. அவற்றையும் உள்ளடக்கும் புதிய நாடளாவிய வலையமைப்பு அதன் பின்னரே கட்டப்படத் தொடங்கியது. இதற்குக் காரணம் கிராமத்தவரின் காதுகளுக்குக் காட்டப்பட்ட சலுகை அன்று. மலையும் பள்ளத்தாக்கும் நிறைந்த இடத்தில் டிஜிட்டல் வலையமைப்புக்கு அதிகக் கோபுரங்கள் தேவைப்படுகின்றன, செலவு ஏறுகிறது. நலிந்த அனலொக் அலை மூடுபனிக்குள் நடந்து வருபவரைப் போன்றது: இரைச்சலுக்கு நடுவேயும் யார், என்ன சொல்கிறார் என்று ஊகித்துவிடலாம். டிஜிட்டலோ ஓர் எல்லை வரை தெளிவாக ஒலித்துவிட்டு, அதைத் தாண்டியதும் முற்றாக நின்றுவிடும். கலிபோர்னியா நெடுஞ்சாலைப் பொலிஸார் பல பத்தாண்டுகளாக 40 மெகாஹேட்ஸை ஒட்டிய தாழ்ந்த மீடிறன்களை விடாது பிடித்திருந்ததற்கும் நிலத்தின் மேடுபள்ளத்தை அவ்வலைகள் ஓரளவு வளைந்து கடக்கும் என்பது ஒரு காரணம்.

அதே கலிபோர்னியாவில் 2020 ஒக்டோபரில் மாநில நீதித் திணைக்களம், தனிநபரின் பெயர், சாரதி அனுமதிப்பத்திர இலக்கம் போன்ற விபரங்கள் திறந்த அலையில் செல்லாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பொலிஸ் நிலையங்களுக்குப் பணித்தது. பல நகரங்கள் அலைவரிசை முழுவதையும் பூட்டுவதே எளிய வழி எனக் கொண்டன. பாலோ ஆல்டோ நகரம் 2021 தொடக்கத்தில் பூட்டியது. மக்களும் செய்தியாளரும் எதிர்ப்புத் தெரிவித்ததை அடுத்து 2022இல் மீண்டும் திறந்தது. தனிப்பட்ட விபரங்களை மட்டும் வேறு வழியில் அனுப்பிவிட்டு ஏனையவற்றைத் திறந்தே வைக்கலாம் என்பதற்கு அது சான்று. சிக்காகோ இரண்டுக்கும் இடைப்பட்ட வழியைத் தேர்ந்து, அரை மணி நேரத் தாமதத்துடன் இணையத்தில் ஒலிபரப்ப உடன்பட்டது. நியூயோர்க் 2023 முதல் படிப்படியாகப் பூட்டிவருகிறது. விபத்தில் சிக்கியவரின் நோயும் முகவரியும் ஊர் முழுவதும் கேட்பது சரியன்று என்ற வாதம் எனக்கு ஏற்புடையதே. ஆனால் வீதி மூடப்பட்டதையும் காட்டுத்தீ பரவுவதையும் அதே பூட்டுக்குள் வைப்பதற்கு அவ்வாதம் போதுமானதாக எனக்குத் தோன்றவில்லை.

இனிச் சோதனைக்கு வருவோம். டிஜிட்டல் என்பதும் மறைகுறியாக்கம் என்பதும் இரு வேறு விடயங்கள் என்பதை இந்த ரிசீவர் காட்டுவது போல விளக்கிச் சொல்வது கடினம். அமெரிக்கா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் பரவலாக உள்ள பி25 என்னும் முறையில் குரல் எண்களாக மாற்றப்பட்டுச் செல்கிறது. ஆனால் அந்த மாற்றத்தின் இலக்கணம் ஊரறிந்தது. எஸ்டிஆர்டிரங்க் போன்ற இலவச மென்பொருள் அதைக் குரலாகத் திருப்பித் தரும். வெளிநாட்டு ஆர்வலர்கள் பதிவுசெய்து பகிர்ந்துள்ள மூல அலைக் கோப்புகளைக் கொண்டே இதைச் சோதித்தேன். அதற்கு அன்டெனாவும் வேண்டியதில்லை, எந்த நாட்டுச் சட்டத்தையும் மீற வேண்டியதுமில்லை. பூட்டப்படாத பி25 கோப்பில் குரல் சற்று உலோகத் தன்மையுடன், ஆனால் தெளிவாக வந்தது. பூட்டப்பட்ட கோப்பிலோ அதே மென்பொருள் எந்தக் குழு பேசுகிறது, எந்த வானொலியின் இலக்கம் என்பவற்றை வரிசையாக எழுதிக்காட்டியது. மறைகுறியாக்க முறைக்கான பத்தியில் 84 என்ற எண் விழுந்தது. ஒலி எதுவும் வரவில்லை. பி25 மரபில் 84 என்பது ஏஇஎஸ்-256 முறையைக் குறிக்கும் எண். அந்த எண் தோன்றும் இடத்தில் விலையுயர்ந்த ரிசீவரோ உயரமான அன்டெனாவோ புதிய மென்பொருளோ பயன்படாது. 256 இருமங்கள் (பிட்) நீளமான சாவி உரியவர்களின் வானொலிகளுக்குள் மட்டுமே இருக்கிறது. சாவியை ஊகித்துப் பார்ப்பது உலகின் கணினிகள் அனைத்தும் சேர்ந்தாலும் முடியாத காரியம்.

பூட்டைத் திறக்கும் என்று சொல்லி எவராவது ஏதேனும் மென்பொருளை விற்றால் அதை நம்ப வேண்டாம். ஐரோப்பாவின் பொலிஸார் பயன்படுத்தும் டெட்ரா முறையில் டிஇஏ1 என்னும் குறியாக்கத்தின் சாவி, சொல்லப்பட்ட 80 இருமங்களுக்குப் பதிலாக 32 அளவுக்கே வலிமை கொண்டது என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2023இல் வெளிப்படுத்தியது உண்மை. அக்குறை அந்த ஒரு குறியாக்கத்துக்கு உரியது. ஐரோப்பியப் பொலிஸ் சேவைகள் பெரும்பாலும் வைத்திருப்பது டிஇஏ2 என்னும் வேறொன்று. இவ்விரண்டையும் குழப்பியே விளம்பரங்கள் எழுதப்படுகின்றன.

இவ்விடத்தில் விலையை ஒப்பிடுவது பொருத்தம். பொலிஸ் வானொலி கேட்பதற்கென்றே அமெரிக்கச் சந்தைக்குச் செய்யப்படும் யூனிடன் எஸ்டிஎஸ்100 என்னும் கைக்கருவி 700 டொலரை ஒட்டிய விலைக்கு விற்கப்படுகிறது. பி25 முறையின் இரு கட்டங்களையும் அது தானாகவே படிக்கும், கணினி தேவையில்லை, கையில் எடுத்துக்கொண்டு நடக்கலாம். செய்த வேலையில் குறை சொல்ல இடமில்லாத கருவி. ஆனால் ஒரு மாவட்டம் தன் வலையமைப்பைப் பூட்டிய நாளில் அதன் முதன்மைப் பயன் அம்மாவட்டத்தில் முடிந்துவிடுகிறது. டெட்ராவை அது எந்நாளும் படித்ததில்லை. வெளிநாட்டில் உள்ள உறவினர் ஒருவர் அன்பளிப்பாக அதை அனுப்ப முன்வந்தால், நன்றி கூறி, அதன் விலையில் சிறு பங்கையே கேட்கும் வி4ஐ அனுப்பச் சொல்லுங்கள். வெளிநாட்டுக் கிராமத்துப் பொலிஸாரின் பேச்சைக் கேட்கும் ஆசை மட்டுமே இருப்பவருக்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை. இன்னும் திறந்திருக்கும் அமெரிக்க மாவட்டங்கள் பலவற்றின் ஒலியை புரோட்காஸ்ட்டிபை என்னும் இணையச் சேவையில் கைப்பேசியிலேயே கேட்கலாம்.

ஆகவே, பொலிஸ் இல்லாமல் இதற்கு என்ன பயன்? மலையகத்தில் அந்தப் பயன் நீங்கள் எந்த மலையின் எந்தப் பக்கம் குடியிருக்கிறீர்கள் என்பதையே பெரிதும் சார்ந்துள்ளது. மிக உயர் மீடிறன் அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1400 மீற்றர் உயரத்தில் தெற்கு நோக்கித் திறந்திருக்கும் ஹப்புத்தளை விளிம்பிலிருந்து வானொலித் தொடுவானம் கணக்குப்படி 150 கிலோமீற்றருக்கும் அதிகத் தொலைவில் உள்ளது. 10,000 மீற்றர் உயரத்தில் பறக்கும் விமானம் என்றால், தடையில்லாத திசையில் அத்தொலைவு 550 கிலோமீற்றரைத் தாண்டும். கொழும்பில் மாடி வீட்டின் மொட்டை மாடியில் குழாய் நட்டு அன்டெனா ஏற்றுபவருக்குக் கிடைக்காத அளவு இது. இங்கே தேயிலை மலையின் ஓரத்தில் யன்னலைத் திறந்துவைப்பவருக்கே கிடைக்கிறது.

விமானிகளின் குரலும் பொதுமக்கள் கேட்பதற்கு உரியதன்று என்பதால் அதை விட்டுவிட்டு, விமானங்கள் தம் இருப்பிடத்தையும் உயரத்தையும் எல்லோருக்குமாக 1090 மெகாஹேட்ஸில் பரப்பும் ஏடிஎஸ்-பி சமிக்ஞையையே எடுத்துக்கொண்டேன். ஏழு சென்றிமீற்றருக்குச் சற்றுக் குறைவான கம்பித் துண்டே அதற்குப் போதிய அன்டெனா. ஹப்புத்தளையிலிருந்து வரையப்படும் வரைபடத்தில் மத்தளைக்கு அப்பால், இந்து சமுத்திரத்தின் மேல் கிழக்கும் மேற்குமாகச் செல்லும் விமானங்கள் விசிறி போல விரிந்து தோன்றுகின்றன. வடமேற்கில் மட்டும் கத்தியால் அரிந்தது போன்ற வெற்றிடம்: 2100 மீற்றருக்கு மேல் எழுந்து நிற்கும் ஹோர்ட்டன் சமவெளி அத்திசையில் கட்டுநாயக்கவுக்கு இறங்கும் விமானங்களை மறைத்துவிடுகிறது. அதே ரிசீவரைத் தலவாக்கலைப் பள்ளத்தாக்கில் வைத்தபோது நான்கு புறமும் சுவர். தலைக்கு நேர் மேலே உயரத்தில் செல்பவை மட்டுமே தெரிந்தன. வெளிநாடுகளில் மலைக்கிராமங்களின் பொலிஸ் வானொலி ஏன் இறுதிவரை அனலொக்கில் நின்றது என்பதை அந்த வெறுமையான வரைபடம் விளங்கவைக்கும்.

தலைக்கு மேலே வருபவற்றைக் கேட்பதற்குப் பள்ளத்தாக்கும் தடையில்லை. அமெரிக்காவின் நோவா வரிசையின் பழைய வானிலைச் செய்மதிகள் 2025இல் ஓய்வுபெற்றுவிட்டதால் பழைய வழிகாட்டிக் குறிப்புகளைப் பின்பற்றுவதில் பயனில்லை. 2024இல் ஏவப்பட்ட ரஷ்யாவின் மீட்டியோர்-எம் 2-4 போன்றவை 137 மெகாஹேட்ஸ் பகுதியில் டிஜிட்டல் படங்களை அனுப்புகின்றன. இதுவும் டிஜிட்டல்தான், ஆனால் பூட்டில்லை. கருவியோடு வரும் இரட்டைக் கம்பி அன்டெனாவை ஒவ்வொரு கையும் ஏறத்தாழ 53 சென்றிமீற்றர் வருமாறு நீட்டி, இரண்டுக்கும் இடையில் 120 பாகை விரித்துப் படுக்கையாக வைத்து, சாட்டம்ப் என்னும் மென்பொருளை ஓடவிட்டால், வங்காள விரிகுடாவின் மேல் திரளும் முகில் வரிவரியாகத் திரையில் இறங்கும். அதை முதன்முறை பார்க்கும் பாடசாலை மாணவர் எவரும் பொலிஸைப் பற்றிய கேள்வியை மறந்துவிடுவார்.

லயத்து வீடுகளின் தகரக் கூரை இதில் இரண்டு விதமாக வேலை செய்கிறது. கூரைக்குக் கீழே அறைக்குள் வைத்தால் அலை ஏறத்தாழ முழுவதும் மறைந்துவிடும். நிமிர்ந்த கம்பி அன்டெனாவைக் கூரைக்கு மேலே கொண்டுசென்று வைத்தால் அதே தகரம் அன்டெனாவுக்கு வேண்டிய தளமாக அமைந்து வரவேற்பை உயர்த்தும். கருவியுடன் வரும் உறிஞ்சுதட்டு தகரத்தின் நெளிவிலும் சுண்ணாம்பு பூசிய சுவரிலும் ஒட்டாது. யன்னல் கண்ணாடி மட்டுமே அதற்கு ஏற்ற இடம். கம்பி இணையும் திருகுமுனையில் பனியின் ஈரம் புகுந்து பச்சை பிடிப்பதையும் கவனிக்க வேண்டும். சுற்றிக் கட்ட இரப்பர் நாடா போதும்.

சிற்றலையும் மத்திய அலையும் இக்கருவியில் நன்றாகவே உள்ளன. முந்தைய வி3இல் இருந்ததைவிடத் தெளிவான முன்னேற்றம். இலங்கை நேயர்களை நோக்கி ஒலிபரப்பும் தூத்துக்குடியின் 1053 கிலோஹேட்ஸ் மாலையில் மலைக்கு நன்றாக ஏறிவருகிறது. பிபிசி தமிழோசை 2017 ஏப்ரலோடு சிற்றலையை விட்டு நீங்கியதை இன்றும் பேசுகின்ற முதியவர்கள் நம்மிடையே உண்டு. சிற்றலையில் எஞ்சியிருப்பதைத் தேடிப்பார்க்க அவர்களுக்கு இது நல்ல துணை. ஆனால் தாழ்ந்த மீடிறன்களில் வீட்டு மின்சாரமே பெரிய எதிரி. மலிவான எல்ஈடி விளக்கும் கைப்பேசி சார்ஜரும் தேயிலைத் தொழிற்சாலையின் மோட்டர்களும் திரை முழுவதும் கோடு கோடாக இரைச்சலை நிரப்புகின்றன. மின்வெட்டு நேரத்தில் மடிக்கணினியின் பற்றரியில் கேட்டுப்பாருங்கள். அது வேறொரு கருவி போல இயங்கும்.

அலையை எண்களாக்கும் மாற்றி எட்டு இருமம் மட்டுமே கொண்டது என்பது இதன் அடிப்படைக் குறை. பலமான அலையும் நலிந்த அலையும் ஒரே நேரத்தில் வரும்போது நலிந்தது அமுங்கிவிடும். பீதுருதாலகாலையிலும் நமுனுகுலையிலும் ஒலி ஒளிபரப்புக் கோபுரங்கள் நிற்கும் நம் நாட்டில் இது ஏட்டளவிலான குறை அன்று. எப்எம் அலைகளைத் தணிக்கும் வடிகட்டி வி4க்குள் இருந்தபோதும், கோபுரத்துக்கு அண்மையில் வசிப்பவர் மென்பொருளில் ஏற்றத்தின் (கெயின்) அளவைக் குறைத்தே ஆக வேண்டும். ஏற்றத்தைக் கூட்டினால் நன்றாகக் கேட்கும் என்று எண்ணுவது இங்கே நேர்மாறான விளைவையே தரும். இன்னொன்று: பழைய ஆர்டிஎல்-எஸ்டிஆர் குச்சிகளுக்கான பொது டிரைவரின் பழைய பதிப்புகள் வி4க்குப் பொருந்தா. தயாரிப்பாளரின் சொந்த டிரைவரையோ வி4ஐ ஏற்கும் வேறொன்றையோ நிறுவாவிட்டால் கருவி செவிடாகவே இருக்கும். பழுதான பொருள் என்று திருப்பி அனுப்பப்படுபவற்றில் இப்படிப்பட்டவையும் இருக்கக்கூடும். உலோக உறை சூடேறுவது வழமையானது; நுவரெலியாவின் குளிரில் அதைக் குறை என்று சொல்ல மனம் வரவில்லை.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி தொடங்கும் முன்னர் வெளி அன்டெனாவின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். கருவி போவது சிறு நட்டம். மின்னல் அதன் வழியே மடிக்கணினிக்கும் அதைப் பிடித்திருப்பவருக்கும் வரும்.

வெளிநாட்டுக் கிராமத்தவர் பொலிஸ் வானொலி பூட்டப்படுவதை எதிர்ப்பதற்குச் சொல்லும் முதற்காரணம் அனர்த்தம். நமக்கும் அது பொருந்துமா என்று எண்ணிப்பார்த்தேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதையுண்டபோது, மக்களிடம் இல்லாதுபோனது பொலிஸின் உரையாடல் அன்று. எச்சரிக்கையைத் தொடர்ந்து குடியிருக்க வேறிடம். மழைக்காலத்தில் நமக்குத் தேவையானது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கை, அது தமிழில், உரிய நேரத்தில் தோட்டத்துக்கு வந்து சேர வேண்டும். மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் செயலிழந்த இரவில் மடிக்கணினியோடு பிணைந்த வி4ஐவிட, பேனா பற்றரி போடும் சாதாரண எப்எம் ரேடியோ நூறு மடங்கு பயனுள்ளது. இதை வாங்குபவர் அதையும் ஒன்று வீட்டில் வைத்திருக்கட்டும்.

அனர்த்த காலத்தில் கேட்பதோடு நில்லாமல் பேசவும் வேண்டும் என்று கருதுபவருக்கு வேறு பாதை உண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தொலைபேசி செயலற்ற அம்பாந்தோட்டைக்குத் தொடர்பை ஏற்படுத்திக்கொடுத்தவர்களுள், பொழுதுபோக்காக வானொலியில் பேசும் அமெச்சூர் வானொலியாளர்களும் இருந்தனர். 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக் குறியீட்டை உடைய அவர்களின் உரையாடல் சர்வதேச விதிப்படியே மறைக்கப்படாதது. பேசுவதற்கு மட்டும் பரீட்சையும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரமும் வேண்டும். 144 முதல் 146 மெகாஹேட்ஸ் வரையான பகுதியை வி4இல் கேட்டுப் பழகுவது அப்பரீட்சைக்கு நல்ல ஆயத்தம்.

வாங்கும்போது போலிகளைக் கவனிக்கவும். இதே பெயரையும் உறையின் தோற்றத்தையும் கொண்ட, உள்ளே பழைய சில்லுகள் உள்ள குச்சிகள் இணையச் சந்தைகளில் குறைந்த விலையில் விற்கப்படுகின்றன. தயாரிப்பாளரின் தளத்தில் குறிப்பிடப்பட்டுள்ள விற்பனையாளரிடம் மட்டுமே வாங்குவது பாதுகாப்பானது. அன்டெனாத் தொகுதியுடன் சேர்ந்த விலை 40 டொலர் அளவில் இருக்கும். சுங்கமும் அனுப்புச் செலவும் வேறு. வானொலிக் கருவிகளின் இறக்குமதி தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் கண்காணிப்புக்கு உட்பட்டது என்பதால், பொதியின் விபரச் சீட்டில் அலைகளை வாங்கும் கருவி (ரிசீவர்) மட்டுமே என்று தெளிவாக எழுதுமாறு விற்பனையாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அன்டெனாத் தொகுதியைத் தவிர்த்துப் பணத்தை மிச்சப்படுத்த வேண்டாம். அதில் உள்ள நீட்டுக் கம்பி வடம் இல்லாமல் தகரக் கூரைக்கு மேலே அன்டெனாவைக் கொண்டுசெல்ல முடியாது.